பாரிஸ் பார்க்கப் போகும் பிள்ளைகளின் கால்களையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மூன்று நாளில் பாரிஸைச் சுற்றிப் பார்ப்பது பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். நாளுக்கு ஐந்து இடம் என்ற அந்தக் கணக்கு இளவட்டங்களுக்குச் சரிவரும். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு அங்கே போகிற பலர், மாமா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்கு நாளுக்கு ஒரு பெரிய இடமும் ஒரு பூங்காவும் போதும். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை சிணுங்கும், தாய் களைப்பாள், காசு கொடுத்து வாங்கிய சீட்டும் வீணாகும்.

பிள்ளைகளை அங்கே களைக்க வைப்பது தூரத்தைவிடப் படிகள்தான். நிலத்தோடு ஒட்டிய வீடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் குளக்கட்டு நீளத்துக்கு ஓடுவார்கள். படி ஏறி இறங்கிப் பழக்கமில்லை. பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது. பழைய நிலையங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் நிலத்துக்கடியில் ஏற்றமும் இறக்கமுமாக நீண்ட நடை. எல்லா நிலையத்திலும் லிப்ட் வேண்டுமென்றால் மெட்ரோவின் 14ஆம் இலக்கப் பாதையில் போகலாம். மற்றப்படி பஸ்தான் நல்லது. பிள்ளையின் தள்ளுவண்டியை மடிக்காமலே நடுக்கதவால் ஏற்றலாம், போகும் வழியில் ஊரையும் பார்க்கலாம்.

4 வயதுக்குக் கீழ் பயணம் இலவசம், 10 வயதுக்குக் கீழ் அரைக் கட்டணம். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கு வேறு சீட்டு, பஸ்ஸுக்கு வேறு சீட்டு. சீட்டுகளை ஏற்றி வாசலில் தட்டிப் போகும் ‘நவிகோ ஈஸி’ அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்றையே இரண்டு தரம் தட்டி இரண்டு பேர் போக முடியாது. இது தெரியாமல் போய் அபராதம் கட்டாதீர்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு வண்டி எதற்கு என்று நினைக்க வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு தேவைப்படும். உறவினர் வீட்டில் இரவல் வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள். பழைய தெருக்களில் சதுரக் கற்கள் இடைவெளி விட்டுப் பதித்திருக்கும். சின்னப் பிளாஸ்ரிக் சக்கரம் அந்த இடைவெளிக்குள் இறங்கிக் குறுக்கே திரும்பிவிடும். தள்ளத் தள்ள வண்டி முன்னுக்குக் கவிழப் பார்க்கும். அப்படியான இடத்தில் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் பெரிய சக்கரம் முதலில் ஏறிக்கொள்ளும்.

நேர வித்தியாசமும் பெரிய தொந்தரவு. கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால். ஊரில் காலை ஆறு மணிக்கு எழும்பும் பிள்ளை அங்கே இரவு இரண்டரைக்கே கண் விழிக்கும். மாலை ஏழு மணிக்கு அதன் உடம்புக்குப் பத்தரை. ஆனால் ஓகஸ்ட் நடுவில் சூரியன் மறையவே ஒன்பது மணியாகும். ஈபிள் கோபுர விளக்குகள் மின்னுவது இருட்டிய பிறகு, மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம். முதல் மூன்று நாள் அதற்காகப் பிள்ளையை விழிக்க வைத்தால் அடுத்த நாள் முழுக்கப் போய்விடும். வந்த கையோடு செய்ய ஏற்றது செய்ன் ஆற்றுப் படகு. ஒரு மணிநேரம் இருந்தபடியே பாதி நகரம் பார்க்கலாம்.

ஈபிள் கோபுரம் 330 மீற்றர். இரண்டாம் தட்டு வரை 674 படிகள். மலிவு என்று படிச்சீட்டு எடுக்காதீர்கள். லிப்ட் சீட்டு 60 நாளுக்கு முன்பே இணையத்தில் விடப்படும், கோடையில் விரைவாக முடிந்துவிடும். மடிக்கக்கூடிய தள்ளுவண்டிக்கு மட்டுமே அனுமதி. உச்சிக்குப் போகத் தேவையில்லை, இரண்டாம் தட்டே காணும். ஓகஸ்டிலும் மேலே காற்று குளிராக அடிக்கும். கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை பூட்டு. 18 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகும் பெரியவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. மோனாலிசா ஓவியம் 77 சென்றிமீற்றர் உயரம், 53 அகலம். அந்தக் கூட்டத்தில் சிறு பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகுதான். அதை விட்டு எகிப்தியப் பகுதிக்குப் போங்கள்: சிங்க உடலும் மனித முகமுமான பெரிய கற்சிலை, மம்மி, பெட்டிகள். ஒன்றரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுங்கள். 2019 ஏப்ரலில் தீப்பிடித்த நோத்ர டாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தாயிற்று. உள்ளே போகக் காசு இல்லை. வாசலில் யாராவது சீட்டு விற்றால் வாங்காதீர்கள்.

பிள்ளைகள் ஊர் திரும்பியும் கதைப்பது லக்சம்பேர்க் பூங்காவின் குளத்தைப் பற்றித்தான். பாய்கட்டிய மரப் படகொன்றும் தடியொன்றும் வாடகைக்குத் தருவார்கள். தடியால் தள்ளிவிட்டால் காற்று அதை எதிர்க்கரைக்குக் கொண்டுபோகும். பிள்ளை சுற்றி ஓடிப்போய் மறுபடி தள்ளும். தாவரவியல் பூங்காவில் 1898இல் திறந்த எலும்புக்கூட்டுக் கூடமும் அப்படித்தான், திமிங்கிலம் முதல் டைனோசர் வரை. அதற்கும் செவ்வாய் விடுமுறை.

நடைபாதைக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டு உள்ளே தானாகக் கழுவும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு பிள்ளைகளையும் ஒரேயடியாகக் கூட்டிப் போங்கள். கடும்பச்சை நிற இரும்புக் குழாய்த்தூண்களில் குடிதண்ணீர் கிடைக்கும், போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு, நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் பார்சல் கட்டிக்கொண்டு புறப்படுவதே மலிவு. கோடை முடிவில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் ஓடும். நாள் ஒத்துவந்தால் அதையும் காட்டலாம். உறவினரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் பிரெஞ்சில் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வைக்க மறக்க வேண்டாம்.

இனி இப்படியான குறிப்புகளை வெளியிடும்போது ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை படி, எந்த நாள் பூட்டு, பிள்ளைக்கு என்ன கட்டணம் என்பதையும் சேர்த்துப் போடும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வாசகர்கள்,
கிளிநொச்சி.