கல்யாணமானவர்கள் வேண்டாம் என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ டீம் லீடாகி மூன்று மாதம் ஆகிவிட்டது. போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அடுத்த புராஜெக்டுக்குக் கல்யாணமாகாதவங்களாப் பாத்து எடுக்கப் போறேன்க்கா. குடும்பஸ்தங்களுக்குப் பாதி மனசு வீட்டுலதான்." நான் சிரித்து வைத்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த இருக்கைக்குப் புதிதாக வரும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

உனக்குச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. பல வருடம் முன்பு என் டீமில் ஒருவர் இருந்தார். கணக்கு சரிபார்ப்பதில் புலி. அவர் பார்த்த அறிக்கையை நான் திரும்பப் பார்க்கவே மாட்டேன். ஒரு மாதம் 5,460 வரவேண்டிய இடத்தில் 5,640 என்று இருந்தது. அடுத்த மாதமும் அதே மாதிரி எண் இடம் மாறிய தப்பு. மீட்டிங்கில் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருப்பார். அது அதிரும், எடுக்க மாட்டார். ஆனால் அதற்கப்புறம் நாங்கள் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறாது. எல்லோரும் கிளம்பிய பிறகும் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருப்பார். அதை நான் உழைப்பு என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் தப்பு வருகிறதே என்று மெமோ வேறு கொடுத்தேன். ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்ற அன்றுதான் விவாகரத்து வழக்கு நடக்கிறது என்று சொன்னார். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் மனிதர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்.

லீவு போட்டால் கணக்கில் வரும். ஆள் வந்து உட்கார்ந்து மனம் வராமல் போனால் எந்தக் கணக்கிலும் வராது.

ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் 1967-இல் மனதை அலைக்கழிக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளி போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையை இழப்பதற்கு 100, விவாகரத்துக்கு 73, பிரிந்து வாழ்வதற்கு 65. வேலையை விட்டுத் தூக்கினால் 47தான். (கல்யாணத்துக்கே 50 போட்டிருக்கிறார்கள், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.) வேலை போவதைவிடப் பெரிய அடி வாங்கிக்கொண்டிருந்தவரிடம்தான் நான் மெமோவை நீட்டினேன்.

ஆக, வீடு ஆபீஸுக்குள் வருகிறது என்று நீ சொல்வது சரிதான். தாம்பத்தியச் சிக்கலால் பாழாகும் வேலை நாட்களின் மதிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 680 கோடி டாலர் என்று 1996-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதிலும் கல்யாணமாகிப் பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆண்களிடம்தான் பாதிப்பு தூக்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்பே, 1989-இல், 166 தம்பதிகளை தினமும் நாட்குறிப்பு எழுதவைத்துப் பார்த்தார்கள். வீட்டு டென்ஷனை வேலைக்குச் சுமந்து வருவது மனைவிகளைவிடக் கணவர்களே அதிகம். நேர்முகத்தில் பெண்களிடம் மட்டும் "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ ஒருபக்கக் கணக்குத்தான் போடுகிறாய். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வைத்து அதே 1989-இல் ஓர் ஆய்வு வந்தது. வேலை கழுத்தை நெரித்த நாளில் அவர்கள் வீட்டில் துணையோடு பேச்சைக் குறைத்து ஒதுங்கிப்போனார்கள். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. வருடக்கணக்கில் அப்படி ஒதுங்கினால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்? அதில் பிறக்கிற சண்டைதான் மறுநாள் காலை உன் மீட்டிங்கில் கவிழ்த்து வைத்த போனாக வந்து உட்காருகிறது. இரவு பதினொன்றுக்கு நீ குரூப்பில் போடும் மெசேஜ்களை நானும் பார்த்திருக்கிறேன்.

நல்ல வீடு வேலையைத் தூக்கியும் விடும். ஆஸ்திரேலியாவில் சுமார் 5,000 பேரின் தரவை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், பொறுப்பான துணை வாய்த்தவர்களுக்கு வருமானம், பதவி உயர்வு, வேலையில் திருப்தி எல்லாமே கூடியிருந்தது. வீட்டுச் சுமையை இன்னொருவர் ஏற்கும்போது இவருக்குத் தலை லேசாகிறது. அந்த இன்னொருவருக்கு உன் ஆபீஸ் சம்பளம் கொடுப்பதில்லை.

கல்யாணமாகாதவர்களுக்கு மட்டும் கவலை இல்லையா? காதல் முறிந்தால் லீவு கேட்கக்கூட ஒரு காரணப் பெயர் கிடையாது. தனி ஆள்தானே என்று மற்றவர்களின் வேலையையும் அவர்கள் தலையில் கட்டினால் அது வேறு வம்பு.

அதற்காக நீ பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிடாதே. காரணத்தைத் துருவாதே. தனியாகக் கூப்பிட்டு, வேலையில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்: "ரெண்டு மாசமா ரிப்போர்ட்ல தப்பு வருது, உங்ககிட்ட இப்படி வராதே. என்ன மாத்தினா உங்களுக்கு உதவியா இருக்கும்?" அவராகச் சொன்னால் கேட்டுக்கொள், அது உன்னோடு நிற்கட்டும். வாய்தா நாளில் ஷிப்டை மாற்று. கொஞ்ச நாளைக்கு அவர் அறிக்கையை இன்னொருவரும் பார்க்கட்டும், எவ்வளவு நாள் என்பதையும் அன்றைக்கே பேசிவிடு. நான் இதைச் செய்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. மெமோவாவது கொடுக்காமல் இருந்திருப்பேன்.

வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் கதை வேறு. அங்கே ஷிப்ட் மாற்றம் போதாது. குடும்ப வன்முறை வேலையையும் பாதிக்கிறது என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆம் உடன்படிக்கையே ஒப்புக்கொள்கிறது. நியூசிலாந்தில் அந்த வருடம் முதல் பாதிக்கப்பட்டவருக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு உண்டு. யாராவது போன் செய்து "அவங்க எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?" என்று கேட்டால், கேட்பது கணவராகவே இருந்தாலும், உன் டீமில் ஒருவரும் பதில் சொல்லக் கூடாது. அப்புறம் பாதிக்கப்பட்டவரைக் கேட்டுக்கொண்டு, அவரை இதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் சேர்த்துவிடு.

அந்தப் புராஜெக்ட் பட்டியலை இன்னொரு முறை எடுத்துப் பார். இரவில் தோன்றும் மெசேஜை மறுநாள் காலை போய்ச் சேரும்படி ஷெட்யூல் செய்யவும் வசதி இருக்கிறது. எப்படி என்று தெரியாவிட்டால் கூப்பிடு. பகலில்.

அன்புடன்,
அக்கா