பும்ராவுக்கு அப்புறம் யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 2025 இங்கிலாந்து டூர்ல நாம ஜெயிச்ச ரெண்டு டெஸ்ட்லயும் நம்ம முதல் ஃபாஸ்ட் பவுலர் பும்ரா ஆடல, எட்ஜ்பாஸ்டன்ல ஆகாஷ் தீப் 10 விக்கெட், ஓவல்ல சிராஜ் கடைசி நாள் போட்ட போடுல 6 ரன்ல தப்பிச்சோம், உடனே பும்ரா இல்லன்னா என்ன, நம்மகிட்ட பவுலருக்கா பஞ்சம்னு ரசிகருங்க ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு அப்படி தோணல சார். அஞ்சு டெஸ்டும் ஆடுன நம்ம ஒரே ஃபாஸ்ட் பவுலர் சிராஜ் தான், 23 விக்கெட், பாவம் அவருக்கும் 30 தாண்டிடுச்சு. ஸ்பின்னர் அஸ்வின் டெஸ்ட்ல 537 விக்கெட்டோட 2024 டிசம்பர்லயே ரிட்டயர் ஆயிட்டாரு. லெஃப்ட் ஆர்ம் ஃபாஸ்ட் பவுலர்ல நம்ம நடராஜனுக்கு 2021ல பிரிஸ்பேன்ல ஒரே டெஸ்ட், அதோட சரி! ஐபிஎல்ல நாலு ஓவர் போடுறத பாத்து டெஸ்டுக்கு ஆள் எடுக்காம, மாநில டீமுங்க ஆடுற ரஞ்சி டிராபில நாள் முழுக்க ஸ்பெல் போடுற பசங்கள இந்தியா ஏ (நம்ம ரெண்டாவது டீம்) டூருக்கு அனுப்புங்கப்பா.

– ஒரு வாசகர், சேலம்