500 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை வீழ்த்தியது புகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், மேடுபள்ளமான மண் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயங்கள் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பெரிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் களத்தைவிட்டு மறைந்ததற்கு அவற்றின் புகையைக் குறிவைத்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகளே காரணம் என்று அதில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகள் நம் சாலைகளில் அருகிப்போனதைப் பார்த்தவர்களுக்கு அது சரியாகத்தான் தோன்றும். ஆனால் 500 சிசி பந்தய வண்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கூற்றுக்குக் காலவரிசையே இடம் தரவில்லை.

அமெரிக்காவின் 500 சிசி தேசிய மோட்டோகிராஸ் போட்டி 1993 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகளோ, சாலைக்கு வராத மோட்டார் சைக்கிள்களுக்கு 2006 மாடல்களிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தன; அவற்றிலும் போட்டிக்கென்றே தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கலிஃபோர்னியா மாநிலம் 1990களின் பிற்பகுதியிலேயே மாசு வரம்புக்கு உட்படாத இத்தகைய வண்டிகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பொது நிலங்களில் அவற்றை ஓட்டும் மாதங்களைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் 500 சிசி பிரிவின் கதை அங்கே முடிந்திருந்தது.

பெல்ஜிய வீரர் ரோஜர் டி கோஸ்டர் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பிரிவு இப்படி ஆனதற்கு முதற்காரணம் அந்த எஞ்சினின் இயல்பே என்பது என் கருத்து. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருள் ஒருமுறை வெடிக்கும்; ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஹோண்டா சிஆர்500ஆரில் அந்த வெடிப்பு 491 சிசி கொண்ட ஒரே சிலிண்டரில், ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள வண்டியில் நிகழ்ந்தது. அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. கிக்கரை மெல்ல மிதித்துப் பிஸ்டனை மேல்முனைக்குச் சற்றே அப்பால் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு உடல் எடை முழுவதையும் போட்டு ஒரே மூச்சில் மிதிக்க வேண்டும். பாதியில் தயங்கினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். புறப்பட்ட பின்பும், மண்ணில் பின்சக்கரத்தின் பிடிக்கு மிஞ்சிய சக்தியைக் கைக்குள் வைத்திருப்பதிலேயே ஓட்டுநரின் தெம்பு கரைந்தது. 500 சிசி உலகப் பட்டத்தை டூ-ஸ்ட்ரோக்கில் கடைசியாக வென்ற ஷேன் கிங், 1996 இல் ஓட்டியது முழு 500 அன்று, அதைவிடச் சிறிய கேடிஎம் 360 என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிறுவனங்களும் கைவிட்டன. ரசிகர்களும் விளம்பரப் பணமும் 250 சிசி வண்டிகள் ஓடிய சூப்பர்கிராஸ் (விளையாட்டரங்குக்குள் மண் பாதை அமைத்து நடக்கும் மோட்டோகிராஸ்) அரங்குகளில் குவிந்தபோது ஆய்வுச் செலவும் அங்கேயே போயிற்று. எஞ்சின் வேகத்துக்கேற்பப் புகைவாயிலின் உயரத்தை மாற்றி சக்தியைச் சீராக்கும் பவர் வால்வு சிஆர்500ஆருக்குக் கடைசிவரை பொருத்தப்படவேயில்லை. 1997 இல் ஹோண்டாவின் 250 சிசி வண்டியான சிஆர்250ஆருக்கு அலுமினியச் சட்டகம் வந்த பிறகும் 500க்கு இரும்புச் சட்டகமே தொடர்ந்தது. 2001 மாடலோடு அதன் உற்பத்தி நின்றது; கவாசாகி கேஎக்ஸ்500 மட்டும் மேலும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

மாசு விதியைவிடப் பந்தய விதியே வலுவாக அடித்தது. அந்த அடி 250 சிசி டூ-ஸ்ட்ரோக்குகளையும் சேர்த்துச் சாய்த்தது. ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் கனமானவை, மந்தமானவை என்று கருதி, 250 சிசி பிரிவில் அவற்றுக்குக் கூடுதல் எஞ்சின் கொள்ளளவு சலுகையாக அளிக்கப்பட்டிருந்தது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தி யமஹா 400 சிசி வண்டியைக் களமிறக்க, டக் ஹென்றி 1997 இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸையும் மறு ஆண்டு 250 சிசி பிரிவின் தேசியப் பட்டத்தையும் வென்றார். சலுகை தேவையில்லை என்று நிரூபணமான பின்பும் அதைத் திரும்பப் பெறாதது நியாயமன்று என்பேன்.

ஆயினும் எல்லாப் பழியையும் விதியின் மேல் போடுவதற்கில்லை. மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தில் கேஎக்ஸ்500 பல ஆண்டுகள் கோலோச்சியது. நீண்ட நேர்ப்பாதைகளில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. 1997 முதல் அங்கும் ஹோண்டாவின் எக்ஸ்ஆர் வகை ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் முந்தத் தொடங்கின. சக்தியைச் சீராகத் தந்து மண்ணைப் பற்றி ஓடும் குணமும், மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஓட்டுநரைக் களைப்படையச் செய்யாத தன்மையும் அவற்றுக்கு இருந்தன.

புகைதான் காரணமென்றால் டூ-ஸ்ட்ரோக் இனமே பந்தயத்திலிருந்து மறைந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்கத்தில் நடக்கும் கடும் எண்டியூரோ (கரடுமுரடான பாதைகளில் நெடுநேரம் ஓடும்) பந்தயத்தில் கிரஹாம் ஜார்விஸும், அவருக்குப் பின் மானுவேல் லெட்டன்பிக்லரும் 300 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில்தான் வென்றார்கள். அந்த வண்டிகளுக்கு இப்போது எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.