அந்த பாட்டிலை அவசரப்பட்டு மூடிவிட்டாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று படித்ததும் அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. நான் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். கேப் டவுனை விட்டுக் கிளம்ப இன்னும் மனம் வரவில்லை.

நீ பினோடாஜ் என்ற எங்கள் தென்னாப்பிரிக்கச் சிவப்பு ஒயினை வாங்கி, ஒரு மடக்கு குடித்ததும் 'ரப்பர் கருகிய வாசனை' என்று மூடிவைத்ததாக எழுதியிருந்தாயே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை 90 ராண்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிவந்து, சாயங்காலம் முழுக்க அதோடு உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குத் திறந்தேன். நீ சொன்னது சரி. முகர்ந்ததும் கருகல் வாசனை, கூடவே கனிந்த வாழைப்பழம். வாயில் வைத்தால் ஆல்கஹாலின் காரம்தான் முந்திக்கொண்டு வந்தது. பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன், பகல் வெயிலின் சூடு அப்படியே இருந்தது. சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்பது குளிர் நாட்டு வீடுகளுக்குச் சரி. நமக்கு 16, 17 டிகிரிக்கு இறக்கினால்தான் பழத்தின் ருசி மேலே வரும். இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அப்புறம் காற்றுப் படட்டும் என்று வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றிவைத்தேன்.

ஏழரைக்குக் கருகல் போய், லேசான புகை மட்டும் நின்றது. அதற்குக் கீழே பிளம், கறுப்புச் செர்ரி. விழுங்கியதும் நாக்கில் ஒரு துவர்ப்பு. நாவல்பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வோமே, அதே இழுப்பு! கரி அடுப்பில் ஆட்டிறைச்சி வாட்டியிருந்தேன். கொழுப்பு பட்டதும் துவர்ப்பு அடங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு ஊற்றிய கடைசிக் கிளாஸ்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது.

இந்தத் திராட்சையே பிழைத்து வந்த ஒன்று, தெரியுமா? 1925-இல் கேப் டவுனுக்குப் பக்கத்து ஊரான ஸ்டெல்லன்போஷில் பேராசிரியர் பெரோல்ட், பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளை மகரந்தம் சேர்த்துக் கலப்பினமாக்கினார். சான்சோவை அப்போது இங்கே ஹெர்மிடேஜ் என்பார்கள், பினோவும் ஹெர்மிடேஜும் சேர்ந்துதான் பினோடாஜ் என்ற பெயர் வந்தது. கிடைத்தவை நாலே விதைகள். தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதர் மண்டிய தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தபோது, அந்த வழியாகப் போன ஓர் இளம் விரிவுரையாளர்தான் நாற்றுகளைக் காப்பாற்றினார் என்று இங்கே சொல்வார்கள். 'பினோடாஜ்' என்று லேபிளில் அச்சாகிக் கடைக்கு வந்தது 1961-இல்தான். முப்பத்தாறு வருடம்! அதை நினைத்துக்கொண்டு குடித்ததாலோ என்னவோ, மூன்று மணி நேரம் காத்திருந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நீ மூடிவைத்த பாட்டில் இந்நேரம் புளித்திருக்கும், கொட்டிவிடு. வேறொன்று வாங்கு. கழுத்தில் எண் போட்ட சின்ன முத்திரை இருக்கிறதா பார். லேபிளில் சொல்லும் ஊரும் திராட்சையும் வருடமும் சரிபார்க்கப்பட்டவை என்பதற்கு அடையாளம் அது. ஆறு மணிக்குத் திற, குளிரவை, ஜாடியில் ஊற்று. ஒன்பது மணிக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்