ஜான்ஸ்டவுனில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். ஆனாலும் தமிழில் ஒருமுறை எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். எங்கள் பெற்றோர்களும் படிக்க வேண்டும் என்பதால் எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன்.

பென்சில்வேனியாவில் வளரும் பிள்ளைகள் 1889-இல் ஜான்ஸ்டவுன் நகரை அழித்த வெள்ளத்தை நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த ஆண்டு மே 31 அன்று பிட்ஸ்பர்க்கிலிருந்து எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். அதாவது, கிளம்பப் பார்த்தோம். ஏற்பாடு செய்திருந்த பேருந்து வரவே இல்லை. ஒன்பது மணி ஆனது, பத்து மணியும் ஆனது. அப்போது ஐந்து பெற்றோர்கள், "சரி, நம்ம கார்லயே போயிடலாம்" என்று சாவியை எடுத்தீர்களே, அந்த இடத்திலேயே என் முதல் நன்றி. புளியோதரை கட்டிவந்த அக்காவுக்கும் நன்றி. அது பதினேழு பேருக்குப் போக மீதியும் இருந்தது.

ஜான்ஸ்டவுன் நகரத்து அருங்காட்சியகத்துக்கு மிகவும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். வெள்ளத்துக்குப் பிறகு எஃகுத் தொழிலதிபர் கார்னகி கட்டிக்கொடுத்த நூலகக் கட்டடம் அது. அங்கே தன்னார்வலராக இருந்த அம்மா, தன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். 1889 மே 31 அன்று, நகரத்துக்கு 14 மைல் மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்தது. ஏறத்தாழ 2 கோடி டன் தண்ணீர் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, மாலை 4.07-க்கு ஊருக்குள் புகுந்தது. 2,209 பேர் இறந்தார்கள். இத்தனையையும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அணை உடையப்போகிறது என்று அன்று தந்திகள் வந்தும் பலர் நம்பவில்லையாம். ஆண்டுதோறும் கேட்ட பேச்சுதானே என்று விட்டுவிட்டார்கள். ஜான் ஹெஸ் என்ற ரயில் ஓட்டுநர் மட்டும் எஞ்சினின் ஊதலை இழுத்துக் கட்டிவிட்டு, அது ஓயாமல் அலற, ரயிலைப் பின்னோக்கி ஓட்டி வந்தார். அந்தச் சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். பிள்ளைகள் அசையாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிராண்ட்வியூ கல்லறையில் பெயர் இல்லாத 777 வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. "பேர் எப்படித் தெரியாமப் போகும்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவரே, நீங்கள்தான் அவனருகில் உட்கார்ந்து, சில வீடுகளில் அடையாளம் காட்ட ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று சொன்னீர்கள். தொண்ணூற்றொன்பது குடும்பங்கள் முழுதாகவே போய்விட்டன. குழந்தையிடம் பொய் சொல்லாமல், அவனைப் பயமுறுத்தாமலும் பேசினீர்கள். நான் ஒரு ஆசிரியர். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் அணை இருந்த இடம். இப்போது இரண்டு கரைமேடுகள்தான் மிச்சம், நடுவில் ஆறும் ரயில் பாதையும். தேசியப் பூங்கா அலுவலரே, உங்கள் பொறுமைக்கு என்ன சொல்வேன்! கார்னகி, ஃபிரிக் போன்ற செல்வந்தர்கள் உறுப்பினர்களாக இருந்த மீன்பிடி, வேட்டை மன்றம்தான் அந்த அணைக்குச் சொந்தக்காரர். அது அணையின் முகட்டைத் தாழ்த்தியது. மீன் தப்பாமலிருக்கத் தண்ணீர் வழியும் வாய்க்காலில் வலை வைத்தது. பழைய வடிகுழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. யாரும் மாற்றிப் போடவில்லை. இதையெல்லாம் ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டிலையும் மண்ணையும் வைத்தே விளக்கினீர்கள். ஒருவர்மேலும் நீதிமன்றத்தில் பழி நிற்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது பெரிய பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான்.

ஆனால் அதே ஊருக்குத்தான் 67 வயதில் கிளாரா பார்ட்டன் தான் நிறுவிய அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தோடு வந்து, ஐந்து மாதம் தங்கி உழைத்தார். இதையும் சொல்லி அனுப்பினீர்கள், அதற்கு இன்னொரு நன்றி.

இருட்டியதும் அங்கேயே, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, காகிதப் பைகளுக்குள் 2,209 விளக்குகள் எரிந்தன. கடைசி வரிசையில் அந்தப் பைகளை நேராக்கி வைக்க எங்கள் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டீர்கள். காற்றில் ஒன்று அணைந்தபோது அவர்கள் ஓடிய ஓட்டம்!

அங்கே எங்கள் மாணவி ஒருத்தி குறிப்பேட்டை மறந்து வைத்துவிட்டாள். அது போன வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. தபால் செலவுக்கு நான் அனுப்பிய பணத்தையும் நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பணத்தை அவள் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், அடுத்த மே 31-க்கு மெழுகுவர்த்தி வாங்க.

அன்புடன்,
பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியர்