ஒரே கொசு, இரண்டு உடம்பு

கோபிசெட்டிபாளையம்
ஆவணி 12

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விரல் மடங்க மறுப்பதால்தான் தாமதம். சோம்பேறி என்று திட்டாதே. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். இவர் விடியும் முன்பே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார். நானோ கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

போன கார்த்திகையில் எங்கள் இருவருக்கும் சிக்குன்குனியா வந்ததே, நினைவிருக்கிறதா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் வளர்ந்த கொசுவாகத்தான் இருக்கும். ஒரே நாளில் இருவருக்கும் காய்ச்சல். அவர் ஐந்தாம் நாளே எழுந்து அரிசிம்பருப்புச் சாதம் கேட்டார். எனக்கு ஒன்பது மாதமாகியும் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருக முடியவில்லை. "பெண்பிள்ளை உடம்பு, தெம்பு அவ்வளவுதான்" என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா?

தெம்புக் குறைச்சல் இல்லை சரசு. நம் உடம்புக்கு ரோசம் அதிகம்.

பெண்களான நமக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்; ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று தூங்கிவிடும். மரபியல் விஞ்ஞானி மேரி லயன் 1961இல் சொன்னது. நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப்போட்டேன். ஆனால் தூங்குகிற எக்ஸில் சில மரபணுக்கள் முழுதாகத் தூங்குவதில்லை என்று இப்போது தெரிகிறது. அதில் ஒன்று டி.எல்.ஆர்.7. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடித்துக் கூச்சல் போடும் காவல்நாய் அது. கூச்சல் கேட்டதும் செல்கள் வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கும். பெண்களின் சில நோய் எதிர்ப்புச் செல்களில் இரண்டு நாயும் விழித்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வேறு உசுப்பிவிடும். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் "சும்மா இரு" என்று அடக்கிவைக்கும்.

வைரஸை விரட்டும்வரை இந்த ரோசம் நல்லதுதான். விரட்டிய பிறகும் அடங்காவிட்டால்தான் தொல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டுவலி நீடிப்பதும் பெண்களிடம்தான் அதிகம். அந்தப் பெயரே டான்சானியாவின் மகோண்டே மொழியில் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் சொல்லாம். பெயர் வைத்தவர்கள் என்னைப் பார்த்திருப்பார்கள் போல.

கொரோனாவில் எல்லாம் தலைகீழ். 2021இல் எனக்கு வாசனை மட்டும் போயிற்று. ரசம் கொதித்துக் கருகியதுகூடத் தெரியவில்லை. இவர் ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்தார். உலகம் முழுக்க ஆண்கள்தான் அதிகம் இறந்தார்கள். 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், நோய்நொடி இல்லாதவர்கள், கொரோனாவில் செயற்கைச் சுவாசம் வரை போனார்கள், ஒருவர் இறந்துவிட்டார். பரிசோதித்தால், நால்வருக்கும் அந்த டி.எல்.ஆர்.7 மரபணுவில் பழுது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ். அது பஞ்சரானால் மாற்ற ஸ்டெப்னி கிடையாது.

பழியை எல்லாம் குரோமோசோம் மேல் போடவும் மனம் வரவில்லை. இவர் நாற்பது வருடம் பீடி குடித்தவர். மூன்று நாள் காய்ச்சலை மறைத்து, "வெறும் சளி" என்று மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டப் போனவர். நான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றவில்லை என்றால் என்ன ஆகியிருக்குமோ.

உன் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவும். நம் ரோசக் கதையை நம்பி அவளை விட்டுவிடாதே. கர்ப்பக் காலத்தில் ஃப்ளூ வந்தால் நுரையீரலை மோசமாகத் தாக்கும். 2009 பன்றிக் காய்ச்சலில் அதைப் பார்த்தோம். மழைக்காலம் தொடங்கும் முன் டாக்டரிடம் தடுப்பூசியைப் பற்றிக் கேட்கச் சொல். கை ஒரு நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

தொட்டியை இப்போது வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்கிறேன். அதாவது, தேய்க்கச் சொல்லி இவர் தலைமாட்டில் நிற்கிறேன். புரட்டாசியில் வா. ஒப்பிட்டு, அதுதான் போளி, சுடலாம். மாவை நீதான் பிசைய வேண்டும்.

உன்,
மணி