செயலாளரின் ஆண்டறிக்கை: குன்று, குன்று, மறுபடியும் குன்று

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். லெஸ்டரில் நம் சங்கத்துக்கு இந்த ஆண்டும் பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் குறையில்லாமல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் அதிகம் சொல்ல நினைப்பது கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ப்ரீடன் ஆன் த ஹில் கிராமத்துக்குப் போய்வந்ததைத்தான்.

அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். வெல்ஷ் மொழிக்குத் தாயான பழைய பிரித்தானிய மொழியில் 'பிரெ' என்றால் குன்று. அப்புறம் வந்த, பழைய ஆங்கிலம் பேசிய ஆங்கிலோ-சாக்சன்கள் அதை வெறும் பெயர் என்று எடுத்துக்கொண்டு தங்கள் 'டூன்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள், அதற்கும் குன்று என்றுதான் பொருள். அது 'டன்' என்று தேய்ந்து விளங்காமல் போன பிறகு 'ஆன் த ஹில்', அதாவது 'குன்றின் மேல்' என்பதும் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் கேட்டுவாசல், நடுசென்டர் என்கிறோமே, அதே மாதிரிதான். ஆனால் நமக்கு இரண்டு சொல்லும் தெரியும். அங்கே முதல் சொல்லைப் பேசியவர்களே மொழி மாறிப் போய்விட்டார்கள், சொல் மட்டும் பொருள் தெரியாமல் நிற்கிறது. தமிழ் வகுப்பு நடத்துகிற நமக்கு இது சாதாரண விஷயமில்லை.

731இல் பீட் என்ற துறவி எழுதி முடித்த வரலாற்றிலேயே இந்த ஊர் 'பிரியுடுன்' என்று வருகிறது, அந்த ஆண்டு கேன்டர்பரி பேராயரான டாட்வின் இங்கிருந்த மடத்தைச் சேர்ந்தவர். உச்சியிலுள்ள தேவாலயச் சுவரில் சுமார் 1200 ஆண்டுக்கு முந்தைய கல் செதுக்கல்கள்: கொடிகள், பறவைகள், குதிரை வீரர்கள், எல்லாம் நம் கையகலப் பட்டைகளில். வெளியே வந்தால் மனசு கனத்துவிடும், ஏனென்றால் சுண்ணாம்புக்கல் குவாரி குன்றின் ஒரு பக்கத்தையே வெட்டித் தின்றிருக்கிறது. மூன்று முறை குன்று என்று பெயர் வாங்கிய குன்று அது.

வழியில் பக்கத்து ஊர் ஆஷ்பி டி லா ஸூச்சையும் பார்த்தோம். ஆஷ் மரம், டேனிஷ் மொழியில் ஊர் என்ற 'பி', கடைசியில் பிரான்சின் பிரிட்டானியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெயர். நாம் தினமும் கடக்கும் ஓட்பி, பிளேபியிலும் அந்த 'பி' இருக்கிறது. அடுத்த ஆண்டு அவற்றைப் பிள்ளைகளே விசாரித்து எழுத வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கார் கொடுத்தவர்களுக்கும் புளியோதரை கட்டிவந்த அக்காமார்களுக்கும் நன்றி.

செயலாளர்